பாவ்லோவ் – மணியோசைக்கு முன்னால்

பாவ்லோவ் என்ற பெயரைச் சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு நாய், ஒரு மணி, கொஞ்சம் எச்சில். ஹாஸ்டல் மெஸ்ஸில் மணியடித்ததும் தட்டோடு ஓடுகிறவனைப் பாவ்லோவ் நாய் என்று கிண்டல் செய்யாத பேட்ச் எந்தக் கல்லூரியிலும் இருந்திருக்காது. ஆனால் அந்த மனிதருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது மணிக்காக இல்லை, ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக. அதற்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் அவர் கல்லீரலில் ஒரு வேலை செய்தார். அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஆனால் அந்த வேலைக்கும், இன்றைக்கு நம்ம ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கல்லீரல் நோயோடு வருகிறவர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

டாக்டர்கள் எழுதவேண்டிய விஷயத்தில் இன்ஜினியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கதையில் வருவது எல்லாம் குழாய், பிரஷர், பைபாஸ், அம்மோனியா, யூரியா. மணலியிலும் எண்ணூரிலும் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு இவை வீட்டுச் சாமான் மாதிரி. அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

ரியாசான் ஊர்ப் பையன்

இவான் பெத்ரோவிச் பாவ்லோவ் 1849 செப்டம்பர் 26-ம் தேதி ரஷ்யாவில் ரியாசான் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தேவாலயப் பாதிரியார். பெரிய குடும்பம், இவர் மூத்தவர். சின்ன வயதில் உயரத்திலிருந்து விழுந்து பலமாக அடிபட்டதால் 11 வயது வரை பள்ளிக்கூடமே போகவில்லை. பிறகு அப்பா வழியில் போகட்டும் என்று சமயக் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கேதான் திசை மாறியது. மூளையின் அனிச்சைச் செயல்களைப் பற்றி செச்சனோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1863-ல் எழுதிய நூல் பையன் கையில் கிடைத்தது. மனிதனின் மனசையும் அளந்து பார்க்கலாம் என்கிற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1870-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் படிக்கப் போய்விட்டார்.

படிப்பில் கெட்டிக்காரர். கணையத்துக்குப் போகும் நரம்புகளைப் பற்றி மாணவராக இருக்கும்போதே ஆராய்ந்து தங்கப்பதக்கம் வாங்கினார். அதன் பிறகு மருத்துவமும் படித்து 1879-ல் பட்டம் பெற்றார். இயல்பில் இடது கைக்காரர். வலது கையையும் பழக்கிக்கொண்டு இரண்டு கையாலும் அறுவை செய்வார். இந்தக் கைத்திறன் பின்னால் ரொம்ப உதவியது.

பணம் மட்டும் இல்லை. 1881-ல் செராஃபிமா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். தனிக்குடித்தனம் நடத்த வழியில்லாமல் தம்பி திமித்ரியின் வீட்டில் ஒண்டியிருந்த காலமும் உண்டு. தம்பி, தனிம அட்டவணை தந்த மெண்டலீவின் உதவியாளர். முதல் குழந்தை கருவிலேயே கலைந்துபோனது. அடுத்துப் பிறந்த மகன் சின்னக் குழந்தையாகவே இறந்துபோனான். வறுமையைப் பார்த்த சக ஆராய்ச்சியாளர்கள், எங்களுக்கு வகுப்பு எடுங்கள், கட்டணம் தருகிறோம் என்ற சாக்கில் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்திலும் அவர் ஆராய்ச்சிக்கு விலங்குகள் வாங்கினார் என்பார்கள். வீட்டுக்காரம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

போட்கின் என்ற பெரிய டாக்டரின் மருத்துவமனையை ஒட்டிய ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில்தான் பத்து வருடத்துக்கும் மேல் உழைத்தார். நடுவில் இரண்டு வருடம் ஜெர்மனி. 1890-ல் ராணுவ மருத்துவ அகாதமியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அடுத்த வருடம் புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் உடலியல் பிரிவுக்குத் தலைவரானார். அப்போது வயது 41. நம்ம ஊர்க் கணக்கில் செட்டில் ஆவதற்குக் கொஞ்சம் லேட்தான்.

எக் போட்ட பைபாஸ்

இங்கே கொஞ்சம் பிளம்பிங் சொல்லியாக வேண்டும். வயிறு, குடல், மண்ணீரல் இவற்றிலிருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. எல்லாம் ஒரு பெரிய சிரையில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள் போகிறது. போர்ட்டல் சிரை என்று அதற்குப் பெயர். கல்லீரல் அந்த ரத்தத்தைச் சுத்தம் பண்ணி, வேண்டியதை எடுத்து, வேண்டாததை மாற்றி, கீழ்ப் பெருஞ்சிரை வழியாக இதயத்துக்கு அனுப்புகிறது. நம்ம பாஷையில் சொன்னால், பிராசஸ் லைனில் இருக்கிற ஃபில்டரும் ரியாக்டரும் அதுவே.

குடியாலோ, மஞ்சள்காமாலைக் கிருமியாலோ, வேறு காரணத்தாலோ கல்லீரல் தழும்பேறிக் கல்லு மாதிரி ஆகிவிட்டால் என்ன ஆகும்? ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆகிறதுதான். போர்ட்டல் சிரையில் பிரஷர் ஏறும். ரத்தம் வேறு சந்துபொந்து தேடும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் மெல்லிய சிரைகள் புடைத்துக்கொள்ளும். ஒருநாள் வெடிக்கும். அதுதான் அந்தப் பயங்கரமான ரத்த வாந்தி.

பிரஷரை இறக்க எந்தப் பிளாண்ட் ஆபரேட்டருக்கும் தோன்றுகிற யோசனை என்ன? பைபாஸ் லைன் போடு. இதை விலங்கில் முதலில் செய்து காட்டியவர் நிகோலாய் எக் என்ற ரஷ்ய டாக்டர். வருடம் 1877. போர்ட்டல் சிரையையும் கீழ்ப் பெருஞ்சிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, நடுவில் துவாரம் போட்டு, கல்லீரலுக்குப் போகும் பாதையைக் கட்டிவிட்டார். எட்டு நாய்களில் செய்தார். ஏழு நாய்கள் ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. ஒன்று மட்டும் இரண்டரை மாதம் இருந்து, ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடியே போய்விட்டது. எக் இதை வைத்து, போர்ட்டல் ரத்தத்தைத் திருப்பிவிட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை, மனிதரிலும் யோசிக்கலாம் என்று எழுதினார். அப்போது ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் யுத்தம். எக் ராணுவப் பணிக்குப் போய்விட்டார். வேலை அப்படியே நின்றது.

பாவ்லோவ் கவனித்தது

பாவ்லோவ் இதை 1890களின் தொடக்கத்தில் கையில் எடுத்தார். கூட இருந்தவர்கள் மாசென், ஹான் என்ற இரு டாக்டர்களும் நென்ஸ்கி என்ற போலந்து நாட்டு ரசாயன விஞ்ஞானியும். ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் விலங்கை அறுத்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, முடித்துவிடுவதுதான் வழக்கம். பாவ்லோவுக்கு அது பிடிக்காது. நாய்க்கும் மனிதருக்குச் செய்கிற மாதிரி சுத்தமான ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், மயக்க மருந்து வேண்டும், ஆபரேஷனுக்குப் பின் அது குணமாகி நடமாட வேண்டும், அதற்குப் பிறகுதான் உண்மையான ஆராய்ச்சி என்பது அவர் கட்சி.

பல டஜன் நாய்களில் எக் முறையில் பைபாஸ் போட்டார்கள். நிறைய நாய்கள் செத்தன. பிழைத்தவை தேறின, சாப்பிட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் ஆபரேஷன் சக்சஸ். பாவ்லோவ் ஃபைலை மூடவில்லை. தினமும் அவற்றின் நடத்தையைப் பார்த்தார். சாதுவாக இருந்த நாய்கள் முரண்டு பிடித்தன, எரிச்சல்பட்டன. பிறகு சோர்ந்து தூங்கி வழிந்தன. பின்னங்கால் பின்னியது, தள்ளாடின. சில நேரம் வெறி பிடித்த மாதிரி ஓடிச் சுவரில் ஏறப் பார்த்தன. கண் தெரியவில்லை, வலி தெரியவில்லை. கடைசியில் வலிப்பு, நினைவிழப்பு, சாவு.

எப்போது இப்படி ஆகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். பாலும் ரொட்டியும் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. இறைச்சி போட்டால் வந்தது. இன்னொன்றும் பார்த்தார்கள். ஒருமுறை அவஸ்தைப்பட்ட நாய்கள் பிறகு இறைச்சியைத் தாமே ஒதுக்கின. நாய் இறைச்சியை வேண்டாம் என்கிறதென்றால் விஷயம் சாதாரணமில்லை. இறைச்சி விஷம் என்று இதற்கு அப்புறம் பெயர் வந்தது. 1893-ல் நால்வரும் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகிற ரத்தம் மூளையைக் கெடுக்கும் என்பதற்கு முதல் தெளிவான சாட்சி அதுதான்.

காரணம் என்ன? நென்ஸ்கி சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார். அந்த நாய்களின் சிறுநீரில் அம்மோனியாவும் கார்பமிக் அமிலத்தின் உப்பும் அதிகமாக வந்தன. கார்பமேட்தான் விஷம் என்று முதலில் நினைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் ரத்தத்தையே அளந்தபோது, போர்ட்டல் சிரை ரத்தத்தில் அம்மோனியா மற்ற இடத்தைவிடப் பல மடங்கு இருப்பது தெரிந்தது. அதைப் பிடித்து யூரியாவாக மாற்றுகிற இடம் கல்லீரல் என்பது உறுதியானது.

இங்கேதான் நம்ம மணலி வருகிறது. மதராஸ் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் சீனியர்களைக் கேளுங்கள். அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்ஸைடையும் ரியாக்டரில் சேர்த்தால் முதலில் வருவது அம்மோனியம் கார்பமேட். அதிலிருந்து தண்ணீர் கழன்றால் யூரியா. இதற்குப் பொதுவாக 180 டிகிரிக்கு மேல் சூடும், வளிமண்டலத்தைப்போல 140 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். கல்லீரல் வேறு வழியில் போனாலும், உள்ளே போவது அதே அம்மோனியா, வெளியே வருவது அதே யூரியா. அதை 37 டிகிரியில், சத்தமில்லாமல், சம்பளமில்லாமல் செய்கிறது. அந்தச் சுழற்சியின் முழு விவரத்தை ஹான்ஸ் கிரெப்ஸ் 1932-ல் கண்டுபிடித்தார். பாவ்லோவ் அப்போது உயிரோடு இருந்தார்.

அம்மோனியா என்றால் என்ன என்று எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயில் அது கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியதை மறக்க முடியுமா? அது வெளியிலிருந்து வந்து கண்ணையும் நெஞ்சையும் எரித்த அம்மோனியா. இது உள்ளுக்குள் குடலிலிருந்து வந்து, வாசனை இல்லாமல் மூளையைக் குழப்புகிற அம்மோனியா.

நாயிலிருந்து மனிதருக்கு

1903-ல் விடால் என்ற பிரெஞ்சு சர்ஜன் கல்லீரல் நோயாளி ஒருவருக்கு இந்த பைபாஸைப் போட்டார். பாவ்லோவின் நாய்களுக்கு வந்ததே அந்த மனிதருக்கும் வந்தது. இறைச்சி சாப்பிட்டால் குழப்பம். பிறகு நாற்பது வருடம் பெரிதாக யாரும் துணியவில்லை. 1945-ல் நியூயார்க்கில் விப்பிள் குழுவினர் மறுபடி தொடங்கினார்கள். ரத்த வாந்தி நின்றது, அந்த வகையில் வெற்றி. ஆனால் பிழைத்தவர்களில் பலருக்குக் குழப்பம், மறதி, மயக்கம். 1954-ல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் என்ற பெண் மருத்துவரும் கூட இருந்தவர்களும் இதை ஒழுங்காக வகைப்படுத்தி எழுதினார்கள். 1967-ல் அமெரிக்காவில் வாரன் என்பவர் புத்திசாலித்தனமாக ஒரு மாற்றம் செய்தார். மொத்த ரத்தத்தையும் திருப்பாமல், மண்ணீரல் பக்கத்து லைனை மட்டும் திருப்பி, குடல் ரத்தம் கல்லீரலுக்கே போகும்படி விட்டார். குழப்பம் குறைந்தது.

இன்றைக்கு ரத்த வாந்திக்கு முதலில் மருந்தும், எண்டோஸ்கோப் வழியாகச் சிரைக்கு ரப்பர் வளையம் போடுவதும்தான். அதில் அடங்காவிட்டால் கழுத்துச் சிரை வழியாகக் கம்பி நுழைத்துக் கல்லீரலுக்குள்ளேயே ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். டிப்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரில் 1988-ல் மனிதருக்கு முதலில் வைத்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனால் பைபாஸ் பைபாஸ்தான். டிப்ஸ் வைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளைக் குழப்பம் தலைகாட்டுகிறது. ரொம்பத் தொந்தரவானால் உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைத்து விட்டத்தைக் குறைக்கிறார்கள். வால்வைக் கொஞ்சம் திருகி மூடுகிற மாதிரி. பிரஷர் வேண்டுமா, ஃபில்டர் வேண்டுமா என்ற தராசு 1877-லிருந்து இன்று வரை மாறவில்லை.

இதை நான் இந்த மலரில் எழுத முக்கியக் காரணம் ஒன்று உண்டு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் குடியால் கல்லீரல் கெட்டவர் இல்லாத தெரு குறைவு. அப்படி ஒருவர் ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து, குடியையும் விட்டு வீட்டுக்கு வருகிறார். ஒரு மாதம் கழித்துப் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிடுசிடுக்கிறார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டான் என்றுதான். திட்டுவார்கள், பூட்டி வைப்பார்கள், பேசாமல் இருப்பார்கள். அவரோ குடிக்கவே இல்லை. அவருக்கு நடப்பது பாவ்லோவ் நாய்களுக்கு நடந்தது.

அடையாளங்கள் இவை: ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் தூக்கம். கையெழுத்து கோணுகிறது. சட்டைப் பித்தான் போடத் தடுமாறுகிறார். கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் பறவை சிறகடிப்பதுபோல் கை உதறுகிறது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். மலச்சிக்கல், காய்ச்சல், தொற்று, தூக்க மாத்திரை, உடலில் தண்ணீர் வற்றுவது, உள்ளே மறுபடி ரத்தம் கசிவது, எது வேண்டுமானாலும் இதைக் கிளப்பிவிடலாம். குடலில் கசிந்த ரத்தமும் குடலுக்கு இறைச்சி மாதிரிதானே.

1960களில் வந்த லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்து இதற்குக் கைகண்டது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகவேண்டும் என்றுதான் அதைக் கொடுக்கிறார்கள். பேதியாகுதே என்று பல வீடுகளில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. இன்னொரு தப்பு, இறைச்சி ஆகாது என்று கேள்விப்பட்டுப் பருப்பு, தயிர், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் ஆளைப் போடுவது. பாவ்லோவின் முடிவை நெடுங்காலம் டாக்டர்களே அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய அறிவு வேறு. தசையும் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்கிறது, தசை கரைந்தால் நிலைமை மோசமாகும். அதனால் ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். பருப்பும் பால் பொருள்களும் இறைச்சியைவிட நன்றாக ஒத்துக்கொள்கின்றன. எது எவ்வளவு என்பதை வைத்தியம் பார்க்கிற டாக்டரே சொல்லவேண்டும்.

பிற்கால வாழ்க்கை

பாவ்லோவ் கதைக்கு வருவோம். 1893-ல் ஆல்ஃபிரட் நோபல் அந்தப் பரிசோதனை மருத்துவ நிறுவனத்துக்குப் பெரிய தொகை ஒன்றைத் தானமாகக் கொடுத்தார். பாவ்லோவின் ஆய்வுக்கூடம் அதில் விரிவடைந்தது. அங்கே நடந்த ஜீரண ஆராய்ச்சிக்குத்தான் 1904-ல் அதே நோபல் பெயரிலான பரிசு வந்தது. வாயில் உணவு படும் முன்னாலேயே நாய்க்கு எச்சில் ஊறுவதை அந்த ஆராய்ச்சியின் போதுதான் கவனித்தார்கள். மீதி முப்பது வருடம் அதன் பின்னால் போனார். மணியைவிட மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு இவற்றைத்தான் அவர் அதிகம் பயன்படுத்தினார். ஆனால் உலகம் மணியைத்தான் பிடித்துக்கொண்டது.

1912-ல் கேம்பிரிட்ஜ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. விழாவில் மாணவர்கள் மாடியிலிருந்து ஒரு பொம்மை நாயைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பெரியவருக்கு ரொம்ப சந்தோஷம். 1917 புரட்சிக்குப் பிறகு உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் வந்தன. ஒரு மகனை இழந்தார். ஆய்வுக்கூட நாய்கள் பட்டினியில் செத்தன. காய்கறித் தோட்டம் போட்டுச் சாப்பிட்டார். 1921 ஜனவரியில் லெனின் தனி உத்தரவு போட்டு அவருக்கு வசதி செய்து கொடுத்தார். ஆனாலும் ஆட்சியின் அக்கிரமங்களை அவர் கண்டிக்காமல் விடவில்லை. 1927-ல் அவருக்கே பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்து, தேறி, மறுபடி வேலைக்கு வந்தார். 1935-ல் சர்வதேச உடலியல் மாநாடு லெனின்கிராடில் கூடியபோது அவருக்கு வயது 85. அந்த வருடமே, தம் நிறுவனத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். 1936 பிப்ரவரி 27 அன்று நிமோனியாவில் காலமானார். அடுத்த இரண்டு வருடத்தில், 1938-ல், இங்கே நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எக் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் நாய் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பாவ்லோவ், அது எப்படி இருக்கிறது என்று பார்த்தார். பிளாண்டில் பைபாஸ் வால்வைத் திறந்ததும் கேஜ் முள் இறங்கிவிடும், ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த லைன் கடைசியில் எதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறது என்று மறுநாளும், அடுத்த வாரமும் போய்ப் பார்க்கிறவர்தான் இன்ஜினியர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர் விஷயத்தில் அந்த வேலை நம் ஒவ்வொருவருடையது. பக்கத்து வீட்டு அண்ணன் தள்ளாடினால், குடித்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முன்னால், கையை நீட்டுங்கண்ணே என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.